ஏழாவது படி

பொழிச்சலூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருப்பவர்கள் பாதியில் நிறுத்தி, விமானம் தலைக்கு மேல் போன பிறகு மீதியைச் சொல்வார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், இவருக்கு என்னமோ மறந்துபோச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். 2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குப் பிறகு அந்த நிறுத்தம் தேவைப்படவில்லை. மழையில் சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சத்தம் நின்றதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

விடிந்தபோது தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டுக் குடும்பம் ஐந்து பேரும் எங்கள் முதல் மாடிக்கு ஏறி வந்துவிட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள், அதுதான் அடையாற்றில் வந்தது என்பதெல்லாம் பிற்பாடு படித்த கணக்கு. அன்றைக்கு எங்களிடம் இருந்த அளவுகோல் மாடிப்படி ஒன்றுதான். "நாலாவது படி முழுகிடுச்சு." "ஆறுல நிக்குது." டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்கென்றே கீழ்வீட்டுப் பையனை நியமித்திருந்தோம். ஏழாவது படியைத் தொட்டதும் அவனுக்கு அந்த வேலை பிடிக்காமல் போய்விட்டது.

என் கவலையெல்லாம் இன்சுலின் மேல். அத்தைக்கு இரண்டு வேளை ஊசி. மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் வெறும் பீரோவாக நின்றது. மருந்துக் குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, குடிதண்ணீர் மண்பானைக்குள் மிதக்கவிட்டாள் என் மனைவி. அன்றிலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்கிறவர்கள் எல்லாரும் அந்த டப்பாவை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுத்தான் டம்ளரை விட்டோம். அந்த வாரத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெள்ளம் இல்லை. பானைக்குள் அந்த டப்பா 'டொக்' என்று இடிக்கும் சத்தம்.

டிவி இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. பேப்பர் போடும் தம்பி எப்படி வருவான்? அந்தப் புதன்கிழமை 'தி இந்து' சென்னையில் அச்சாகவே இல்லை என்று பின்னால் அறிந்தேன். 1878இல் தொடங்கிய பத்திரிகை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லையாம். வியாழக்கிழமை ஒரு ஹெலிகாப்டர் மட்டும் தாழ்வாக வந்தது. மொட்டைமாடியில் நின்று கத்தினோம். அத்தை தன் மஞ்சள் நூல்புடவையை எடுத்து இரண்டு கையாலும் வீசினார். அது நிற்கவில்லை. எங்களைவிட அவசரமானவர்கள் எங்கோ இருந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பால்கனியின் ஒரு மூலையில், கையை வெளியே நீட்டினால் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. ஷார்ஜாவிலிருந்து மைத்துனன். பேச ஆரம்பிக்கும் முன்பே அழுதான்.

"மாமா, ஏர்போர்ட்ல பிளேனெல்லாம் தண்ணியில நிக்குது, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எங்களுக்கு அடுத்தாற்போல் இருக்கும் விமான நிலையம் அது.

"சைதாப்பேட்டை பாலத்தைத் தொட்டுக்கிட்டு ஓடுது மாமா!"

அதையும் பார்க்கவில்லை. மூன்று நாளாகத் தூங்காமல் சானல் மாற்றி மாற்றிப் பார்த்து, எங்களை மனசுக்குள் எத்தனை விதமாகச் சாகடித்திருந்தானோ. "ஏழாவது படி வரைக்கும் வந்துச்சுடா, இப்ப ரெண்டுல நிக்குது" என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. எங்களுக்கு அதைத் தவிர வேறு செய்தி இல்லை. வெள்ளத்தைப் பார்த்தவன் அவன். நாங்கள் அதில் இருந்தோம், அவ்வளவுதான்.

அப்போதுதான் செப்டம்பர் மாதம் ஞாபகம் வந்தது. துருக்கியில் போத்ரும் பக்கத்துக் கடற்கரையில் குப்புறக் கிடந்த குழந்தை, சிரியாவிலிருந்து தப்பி வந்த ஆலன் குர்தி. சிவப்புச் சட்டை, நீல அரைக்கால் சட்டை, காலில் ஷூ. யாரோ அக்கறையாகப் போட்டுவிட்ட ஷூ. நிலுஃபர் தெமிர் என்ற பெண் எடுத்த படம். காலைக் காப்பியோடு அதைப் பார்த்து, தொண்டை அடைத்து, நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் இட்லி சாப்பிட்டு ஆபீஸ் போனேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பசிக்கும் அல்லவா. ஆனால் டிசம்பரில் அந்த வெள்ளிக்கிழமை, எந்த ஊரிலோ ஒருத்தர் காப்பியோடு எங்களைப் பார்த்துத் தொண்டை அடைத்து உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. நாங்கள் அப்போது ரவை உப்புமா கிண்டிக்கொண்டிருந்தோம். ஒன்பது பேருக்கு ஒரே சின்ன வாணலி என்பதுதான் அந்த நேரத்துத் துயரம்.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வந்தது. போன் உயிர் பெற்றதும் வாட்ஸப் அதிர ஆரம்பித்து அரைமணி நேரம் நிற்கவில்லை. நான் வாழ்ந்த வாரத்தை யாரோ படமெடுத்து எனக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு படம், சுத்தப் பொய். விமானப்படைக் கயிற்றில் தொங்கியபடி மேலே ஏறும் நிறைமாத கர்ப்பிணி, அது நிஜம். அடுத்த இரண்டே நாளில் அந்தப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்ததைப் படித்த கீழ்வீட்டம்மா, எங்கள் வீட்டுச் சர்க்கரையையே எடுத்து எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார்.

பிரதமர் வானிலிருந்து ஜன்னல் வழியே வெள்ளத்தைப் பார்க்கும் படமும் வந்தது. பத்திரிகைத் தகவல் அலுவலகம் இரண்டு படங்களை ஒட்டவைத்து வெளியிட்டு, ஊர் சிரித்ததும் எடுத்துவிட்டதே, அதுதான். ஒட்டவைத்த ஜன்னலில் வீடும் தண்ணீரும் பளிச்சென்று தெரிகின்றன. ஒட்டாத படத்தில் எல்லாம் மங்கல். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தால், அந்த மங்கல் படத்தை அப்படியே விட்டிருக்கலாம். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தானே தெரியும்?

திங்கட்கிழமை பேப்பர் வந்தது. உள்பக்கத்தில் கால் பக்கத்துக்கு வானிலிருந்து எடுத்த படம். பழுப்புத் தண்ணீர், அதில் சதுரம் சதுரமாக மொட்டைமாடிகள். 'வெள்ளத்தில் மூழ்கிய புறநகர்ப் பகுதி' என்று மட்டும் கீழே போட்டிருந்தார்கள், ஊர்ப் பெயர் இல்லை. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரை மூக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ள, அன்னிக்கு வந்த ஹெலிகாப்டர்லருந்துதான் எடுத்திருக்கான். இது நம்ம வீடு. இந்தா, தண்ணி டேங்க்கு. பக்கத்துல மஞ்சளா ஒரு பொட்டு தெரியுது பாருங்க. என் புடவை."

குனிந்து பார்த்தேன். மஞ்சளாக என்னவோ இருந்தது, பிளாஸ்டிக் குடமாகவும் இருக்கலாம். அவர் விரல் வைத்திருந்த டேங்க் நீலம். எங்கள் மாடியில் இருப்பது கறுப்பு.

"ஆமா அத்தை" என்றேன்.

"நின்னு பாத்திருக்கான் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோல் எடுத்துவரச் சொன்னார்.