ஒற்றை ரூபாயின் மதிப்பு

'மதிப்பு' என்ற ஒரே சொல்லை நிலத்துக்கும் சொல்கிறோம், மனிதருக்கும் சொல்கிறோம். முன்னது சந்தைக் கணக்கு, பின்னது மனசுக் கணக்கு என்று பிரித்துவிடுவது வழக்கம். அந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமானதில்லை என்பதற்கு மொய் நோட்டே சாட்சி. கல்யாண மண்டபத்தில் மேசை போட்டு ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதுகிறார்கள். 500 என்று யாரும் முடிப்பதில்லை, 501. அந்த ஒற்றை ரூபாய்க்குக் கடையில் ஒரு மிட்டாய் கிடைக்கும். நோட்டில் அதற்குப் பொருள், உறவு இன்னும் முடியவில்லை என்பது.

வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதால், "வட்டியில்லாக் கடனுக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டாதீர்கள்" என்பார்கள் சிலர். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் கறிச்சோறு போட்டு நடத்தும் மொய் விருந்தைப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. லட்சக்கணக்கில் சேரும் பணம் தொழிலுக்கும் வீட்டுக்கும் முதலாகிறது. கடன் என்றே வைத்துக்கொள்வோம். பத்திரமும் ஈடும் இல்லாமல் அது எப்படித் திரும்பி வருகிறது? திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்ற மானம்தான் ஈடு. பணத்தின் மதிப்பை அங்கே தாங்கி நிற்பது மனிதரின் மதிப்பு.

அந்த மானமே பணமில்லாதவரின் கழுத்தை நெரிக்கும் என்பதும் உண்மை. முகூர்த்த மாதத்தில் பத்திரிகை வந்தாலே வயிறு கலங்கும் வீடுகள் உண்டு. விழுமியம் என்றாலே நல்லது என்று நம்பிவிட முடியாது. செய்ய முடியாதவருக்கு ஒரு வழக்கம் என்ன மரியாதை தருகிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.