பழைய டிரக்டரை இரும்புக்குக் கொடுக்க முன்



எங்கள் யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் இறப்பர் தோட்டக் கொட்டில்களில் இன்னும் ஒன்றிரண்டு சாம்பல் நிற ஃபெர்கசன் டிரக்டர்கள் நிற்கின்றன. "ஸ்டார்ட் ஆகுதில்ல" என்று சொல்லி அவற்றையும் இரும்புக்காரனுக்குக் கொடுக்கிறார்கள். கொடுக்க முன் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஃபெர்கசன் டீ.ஈ. 20 என்ற இந்த வகையை 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவன்ட்ரியில் 5 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலரி 1958 ஜனவரி 4ஆம் திகதி தென்துருவம் போய்ச் சேர்ந்ததும் இந்த டிரக்டர்களில்தான். பனியில் ஓடிய எஞ்சின் எங்கள் ஊரில் ஏன் சண்டித்தனம் பண்ணுகிறது? இங்கே வருடத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. தீப்பொறிக்குக் குளிரைவிட ஈரம் பெரிய பகை.

போன மாதம் ஒரு ஹாஜியார் கூப்பிட்டார். அவருடைய வாப்பா காலத்துப் பெற்றோல் டிரக்டர். "பெட்டரியும் மாத்தின, கொயிலும் மாத்தின. இனி ஏலா சேர். வெள்ளிக்கிழம லொறி வருது" என்றார். அது போனால் விறகு ஏற்ற ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிதான். தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் நான்கு பேரோடு போனோம்.

கியர் லீவரை 'எஸ்' இடத்துக்குத் தள்ளினால்தான் இதில் ஸ்டார்ட்டர் சுற்றும். நன்றாகச் சுற்றியது. ஆகவே பெட்டரியில் குறை இல்லை. பெற்றோல் குழாயை மூடிவிட்டு, ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடம்பில் தொட வைத்துச் சுற்றினோம். பொறி இல்லை. பிறகு கொயிலிலிருந்து வரும் நடு வயரைக் கழற்றி, பிளாஸ்டிக் பிடி போட்ட குறட்டால் பிடித்து, எஞ்சின் உடம்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்துச் சுற்றினோம். நீலப் பொறி 'சட் சட்' என்று பாய்ந்தது.

அப்படியானால் கொயிலும் சரி. கொயிலுக்கும் பிளக்குக்கும் நடுவில்தான் கோளாறு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்ற முன், ஒரு பிள்ளை வயர்களுக்கு இலக்கமிட்ட டேப் ஒட்டினான். வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்று மாறினாலும் எஞ்சின் ஓடாது. மூடிக்குள்ளே வேர்வை மாதிரி நீர்த்துளி. நடு முனையிலிருந்து விளிம்பு வரை பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு. மின்சாரம் அந்தக் கோட்டு வழியே கசிந்து எஞ்சின் உடம்புக்குப் போய்விட்டது. புது மூடி பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. பொயிண்ட் முனைகளிலும் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரிப் படிந்திருந்தது. மெல்லிய அரத்தால் தேய்த்து, சுத்தமான கடதாசியால் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்தோம். வியாழன் அஸருக்குப் பிறகு எஞ்சின் ஓடியது. லொறிக்காரனுக்கு வர வேண்டாம் என்று ஹாஜியாரே சொல்லிவிட்டார்.

உங்கள் டிரக்டரில் நடு வயரிலும் பொறி இல்லையா? 12 வோல்ட் பல்ப் ஒன்றின் ஒரு முனையைக் கொயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறு வயர் முனையிலும், மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்துச் சுற்றுங்கள். விட்டு விட்டு எரிந்தால் பொயிண்ட் வேலை செய்கிறது. அடுத்து கண்டென்சரையும் கொயிலையும் பாருங்கள். அணையாமல் எரிந்தால் பொயிண்ட் ஒட்டவில்லை. எரியவே இல்லை என்றால் சுவிட்சிலிருந்து மின்சாரம் வரவில்லை, அல்லது எங்கோ உடம்பில் தட்டுகிறது. பொயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

மண்ணெண்ணெய் வகை என்றால் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகே மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிளக்கில் கரி பிடிக்கும். எஞ்சின் நின்றதும் சுவிட்சை அணையுங்கள். விட்டால் கொயில் சூடாகிப் பழுதாகும். பொலித்தீன் இறுக்கிப் போர்த்த வேண்டாம், உள்ளே வேர்க்கும். டீசல் வகையில் பிளக்கும் கொயிலும் கிடையாது. அதன் வைத்தியம் வேறு.

சோதிக்காமல் சாமான் மாற்றுவதில்தான் காசு கரைகிறது. வீட்டில் ஒன்று சும்மா நிற்கிறதென்றால் கீழே எழுதுங்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு வருவோம். அவர்களுக்குப் புத்தகத்தில் படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு. கூலி வேண்டாம், தேத்தண்ணி தந்தால் போதும்.