சான்று தேவை

மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரிலுள்ள கரவிய்யீன் பல்கலைக்கழகத்தைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் எழுதப் புகுந்தபோது, நம் நெஞ்சில் பெருமிதமே முந்தி நின்றது. கைரவானிலிருந்து குடிபெயர்ந்த வணிகரின் மகளார் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரீ, தந்தைவழிச் செல்வத்தைக் கொண்டு கி.பி. 859இல் எழுப்பிய பள்ளிவாசலே அதன் தோற்றுவாய் என்பது மரபுச் செய்தி. "உலகின் முதற் பல்கலைக்கழகம், அறிவுலகின் அணையா விளக்கு" என்று கட்டுரையின் முகப்பில் எழுதி மகிழ்ந்தோம். மறுநாளே அணையா விளக்கை யாரோ அணைத்திருந்தனர். எஞ்சிய தொடரின் அருகே ‘சான்று தேவை’ என்னும் இரு சொற்கள் சிற்றெழுத்தில் நின்றன.

சினம் எழுந்தது என்பதை மறைப்பானேன்? ஊரறிந்த செய்திக்கும் சான்றா என்று முணுமுணுத்தவாறே தேடினோம். முதலிற் கிட்டியவை விழா உரைகளும் சிறப்பு மலர்களுமே (இம்மலர் நம்மைப் பொறுத்தருள்க!). ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை அவை. எதுவும் மூலத்தைச் சுட்டவில்லை.

பின்னரே வரலாற்று நூல்களை நாடினோம். ஃபாத்திமா அம்மையாரின் வரலாற்றை உரைக்கும் இப்னு அபீ ஸர்உ 14ஆம் நூற்றாண்டினர். நிகழ்ச்சிக்கும் ஏட்டிற்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல்! அதனினும் திகைக்க வைத்தது பிறிதொன்று. 20ஆம் நூற்றாண்டில் அப்பள்ளியைப் புதுக்கியபோது, சுண்ணப்பூச்சின் கீழ் மறைந்திருந்த மரப்பலகை ஒன்று வெளிப்பட்டது. அதிலுள்ள கூஃபி எழுத்துகள் இத்ரீசிய மரபைச் சார்ந்த தாவூத் இப்னு இத்ரீஸ் என்பாரை நிறுவுநராகவும், ஹிஜ்ரி 263ஐ, அஃதாவது கி.பி. 877ஐ, ஆண்டாகவும் கூறுகின்றன. இதனைப் படித்த இரவில் நாம் நெடுநேரம் உறங்கவில்லை. ஒரு பெண்மணி நிறுவினார் என்பதை எத்தனை வகுப்பறைகளில் நாமே சொல்லி மாணவியரின் முகமலர்ச்சியைக் கண்டிருக்கிறோம்!

‘முதற் பல்கலைக்கழகம்’ என்பதிலும் சிக்கல் இருந்தது. கின்னஸ் பதிவு அப்பெருமையைக் கரவிய்யீனுக்கே தருகிறது. வரலாற்றாசிரியர் பலரோ, தன்னாட்சியுடைய ஆசிரியர் மாணவர் குழாத்தையே பல்கலைக்கழகம் எனக் கொண்டு, 1088ஐத் தோற்ற ஆண்டாகக் கூறும் இத்தாலியின் போலோஞாவை முன்வைப்பர். கரவிய்யீனில் ஆசிரியர் தனித்தனியே ‘இஜாஸா’ வழங்கும் முறை இருந்தது. அரசுப் பல்கலைக்கழகமாக அது சீரமைக்கப்பட்டது 1963இல்.

இரண்டையும் கூட்டிப் பாதியாக வகுப்பது நடுநிலை ஆகாது. இன்னார் இன்ன காரணத்தால் இன்னது கூறுகின்றனர் என எழுதவேண்டும். ‘என்ப’ என்று எழுவாய் மறைத்துக் கூறுதல் தொல்லாசிரியர்க்குத் தகும், நமக்குத் தகாது. ‘எனப்படுகிறது’ என்று நாம் எழுதிய ஏழிடங்களிலும் கூறியவர் பெயரைத் தேடிச் சேர்த்தோம். பெயர் கிட்டாத இரண்டை நீக்கினோம். அம்மையாரின் வரலாற்றை, அதை உரைத்தவர் பெயரோடும் காலத்தோடும் நிறுத்தினோம். அதனை அடுத்து மரப்பலகைச் செய்தியை வைத்தோம். (நாம் பயின்ற கல்லூரியின் கட்டுரையை மட்டும் இன்றுவரை தொடவில்லை. அங்கு நம் கையை நாமே நம்புவதில்லை.)

ஒரு திங்கள் கழிந்தது. மரப்பலகைச் செய்தியை யாரோ நீக்கி, "அம்மையாரை இழிவுபடுத்தாதீர்" என்று குறித்திருந்தார். முன்பு நமக்கு வந்த அதே சினம்! சான்றுடன் அதனை மீண்டும் சேர்த்துவிட்டு, கட்டுரையின் உரையாடற் பக்கத்தில் அவருக்கு விரிவாக ஒரு மடல் வரைந்தோம். மறுமொழி இன்னும் வரவில்லை.