காய்ச்சல் விட்ட பிறகும் மூச்சு வாங்குதா?

"ரெண்டு நாளா காய்ச்சல்ணே, ஏதாவது மாத்திரை குடுங்க." எந்த மருந்துக் கடையிலும் கேட்கும் குரல்தான். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

சிலருக்கு ஆவதில்லை.

இன்ஃபுளூயன்சா (ஃப்ளூ) காய்ச்சல் சில நேரம் இதயத் தசையையே அழற்சியில் தள்ளிவிடும். இதற்குப் பெயர் மயோகார்டைட்டிஸ். திடகாத்திரமான ஆளுக்கும் வரலாம். காய்ச்சல் தணிந்திருக்கும், ஆனால் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருப்பார். நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். "காய்ச்சல் அசதி, தூங்கினா போயிடும்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

அங்கேதான் நேரம் போகிறது. தீவிரமான வகையில் ரத்த அழுத்தம் மளமளவென்று சரியும். இதயம் மீளும்வரை சிலருக்கு, இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் எக்மோ கருவிதான் ரத்த ஓட்டத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களில் பலருக்கு இதயம் நன்றாகவே தேறிவிடுகிறது என்பதுதான் ஆறுதல்.

அமெரிக்காவில் 2010 முதல் 2018 வரை ஃப்ளூவோடு மருத்துவமனையில் சேர்ந்த 80,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களை ஆராய்ந்தார்கள். சுமார் 12 சதவீதம் பேருக்குத் திடீர் இதயப் பாதிப்பு! பெரும்பாலும் இதயச் செயலிழப்பும், மாரடைப்பு போன்ற இதய ரத்த ஓட்டக் குறைபாடுகளும்தான். மயோகார்டைட்டிஸ் மிகச் சிலருக்கே.

அபூர்வம்தான். ஆனாலும் காய்ச்சலோடோ, அது விட்ட பிறகோ நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் காத்திருக்காதீங்க. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ ஸ்கேன் பற்றிக் கேளுங்க. வீட்டில் இதய நோயாளி இருந்தால், அவருக்கு வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசி போட்டாச்சா?