தாத்தா கேட்ட கப்பல்

தாத்தாவுக்கு ஊர் நாகப்பட்டினம். இளவயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ரஜூலா கப்பல் கரையிலிருந்து தள்ளி நிற்க, படகில் போய்ச் சரக்கு ஏற்றிய கதையை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். போன பொங்கல் லீவில் என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எல்லாத்தையும் அதுகிட்ட கேக்குறியே, டச்சுக்காரன் காலத்துல நம்ம ஊர்லேருந்து என்ன கப்பல் போச்சுன்னு கேளேன்."

கேட்டேன். ஏஐ அசரவே இல்லை. கப்பல் பெயர், கிளம்பிய தேதி, கேப்டன் பெயர், ஏற்றிய துணி மூட்டைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கொட்டியது. தாத்தாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று சாயங்காலமே டீக்கடையில் அந்தக் கப்பலின் பெயரைச் சொல்லிவிட்டார்.

ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகுதான் சந்தேகம் வந்தது. "இதை எங்கே படித்தாய்?" என்று ஏஐயிடம் கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு கப்பலின் பெயரைக் கொடுத்தது. மறுபடியும் கேட்டேன், மூன்றாவது பெயர் வந்தது. எல்லாமே டச்சுப் பெயர் மாதிரிதான் இருந்தன. தாத்தாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக மினி ப்ராஜெக்ட் தலைப்பை மாற்றினேன்.

ஏஐ மாடல் தானாகப் போய் எந்த ஆவணத்தையும் திறந்து பார்ப்பதில்லை. பழைய வாசிப்பை வைத்து அடுத்த சொல்லை ஊகிக்கிறது. ஆனால் அதன் கையில் ஒரு டூல் கொடுக்கலாம். 2024 நவம்பரில் வெளிவந்த மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால் அதற்கு ஒரு பொது வழி. நாம் ஒரு ஃபங்ஷன் எழுதி, அது என்ன செய்யும், என்ன இன்புட் வேண்டும் என்று விவரித்து வைத்தால் போதும். தேவைப்படும்போது ஏஐ அதைக் கூப்பிட்டு, வரும் ரெக்கார்டைப் பார்த்துப் பதில் சொல்லும்.

எனக்கு டேட்டா தயாராகவே இருந்தது. 1595 முதல் 1795 வரை ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே நடந்த 8,000க்கும் மேற்பட்ட டச்சுக் கப்பல் பயணங்களை வரலாற்று ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். அது இணையத்திலும் இருக்கிறது.

விடை தெரிந்த கேள்வியை வைத்து டெஸ்ட் பண்ணினேன். படாவியா என்ற கப்பல் 1628 அக்டோபரில் டெக்சலிலிருந்து கிளம்பி, 1629 ஜூன் 4 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவை ஒட்டிய அப்ரோல்ஹோஸ் தீவுகளின் பவளப்பாறையில் மோதியது. "படாவியா" என்று தேடினால் ஒன்று வரவேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் வந்தது. இன்றைய ஜகார்த்தாவுக்கும் அப்போது படாவியா என்றுதான் பெயர்! கப்பலையும் ஊரையும் ஒரே இன்புட்டில் தேடியிருக்கிறேன். இரண்டையும் பிரித்ததும் சரியானது.

அடுத்து நாகப்பட்டினம். இன்று நாம் ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துக்கூட்டலில் தேடியதும் டூல் 0 என்றது. அதைப் பார்த்த ஏஐ, "நாகப்பட்டினத்திலிருந்து டச்சுக் கப்பல்கள் எதுவும் போகவில்லை" என்று அடித்துச் சொன்னது. முதல் பொய்யைவிட இது பெரிய பொய். 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து, 1690இல் சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக்கி, 1781இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை நாகை டச்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது.

தப்பு டூலிலும் இருந்தது. டச்சுக்காரர்கள் நம் ஊர்ப் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். அதோடு, என் பட்டியலில் இருப்பது ஐரோப்பா–ஆசியா பயணங்கள் மட்டும். நாகையிலிருந்து படாவியாவுக்குப் போன சரக்கையெல்லாம் அங்கே தேடிப் பயனில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே போன சரக்குகளுக்கு, படாவியாவில் இருந்த தலைமைக் கணக்கர் எழுதிய கணக்கு தனியாக இருக்கிறது. நான் தப்பான நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் டூலை மாற்றினேன். இப்போது அது வெறும் 0 என்று திருப்பி அனுப்பாது. எந்தப் பட்டியலில் பார்த்தது, எந்த ஆண்டுகள், எந்தெந்த எழுத்துக்கூட்டலில் தேடியது, அதில் எது இருக்காது என்பதையும் சேர்த்து அனுப்பும். கிடைத்தால் ரெக்கார்டு எண்ணையும் கொடுக்கும். அதன் பிறகு ஏஐ சொன்ன பதில்: "இந்தப் பட்டியலில் கிடைக்கவில்லை. ஆசியாவுக்குள் நடந்த பயணங்கள் இதில் இல்லை, வேறு கணக்கில் பார்க்க வேண்டும்." மூன்று வாரம் கோடு எழுதியதற்கு இந்தப் பதில்தான் கிடைத்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று ராத்திரி தாத்தாவுக்கு போன் போட்டேன். "தாத்தா, அன்னைக்குச் சொன்ன கப்பல் நெசம் இல்ல. அது சும்மா இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கு. நானும் பார்க்காம உங்ககிட்ட சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடா" என்றார். பிறகு அவரே, "எண்ணாத மூட்டைக்குக் கணக்கு எழுதுனா எங்க மேஸ்திரி அன்னிக்குக் கூலியவே பிடிச்சிடுவாரு. சரி, நாளைக்குப் போய் மாத்திச் சொல்லிட்டு வர்றேன். நெசக் கணக்கு எங்க இருக்கு?"

படாவியா கணக்கைப் பற்றிச் சொன்னேன். டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் சென்னையில், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன என்றும் சொன்னேன். "அப்ப லீவுக்கு வா, போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றார்.

இந்த செமஸ்டரில் அந்தத் தலைமைக் கணக்கரின் கணக்கையும் டூலோடு இணைக்கிறேன். நம்ம காலேஜில் கொஞ்சமாவது டச்சு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தாத்தா காத்திருக்கிறார்.