ஏரிக்கரையில் ஒரு பெண் பிள்ளைகள் முகாம்

பத்து வயதுப் பெண்ணை ஏரிக்கரையில் ஒரு மரக் குடிலில் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வர மனசு வருமா உங்களுக்கு? அமெரிக்கத் தாய்மார்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இதைச் செய்து வருகிறார்கள். பையன்களுக்குத்தான் முதல் சலுகை. நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்க்வாம் ஏரித் தீவு ஒன்றில் 1881-லேயே அவர்களுக்கு முகாம் வந்துவிட்டது. பெண்களின் முறை அதற்குப் பிறகுதான் வந்தது.

மேய்ன் மாநிலத்தில் ஸிபாகோ என்று பெரிய ஏரி. ஆழம் 300 அடிக்கு மேல். போர்ட்லண்ட் நகரத்துக் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான். இதன் கரையில் டாக்டர் லூதர் குலிக்கும் மனைவி சார்லட்டும் 1907-ல் தொடங்கியது ‘வோஹீலோ’ முகாம். இந்த டாக்டர் யார் தெரியுமோ? குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் ஆட ஒரு விளையாட்டை உருவாக்கும்படி 1891-ல் நெய்ஸ்மித்தைத் தூண்டி, கூடைப்பந்து பிறக்கக் காரணமானவர்!

வோஹீலோ பழங்குடிச் சொல் போல ஒலிக்கிறது, இல்லையா? வொர்க், ஹெல்த், லவ் என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் இரண்டிரண்டு எழுத்துக்களைக் கோத்த பெயர்தான் அது. வேலை, ஆரோக்கியம், அன்பு. வேலையை முதலில் வைத்தார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. 1918-ல் டாக்டர் காலமான பிறகும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தாரே முகாமை நடத்தி வந்திருக்கிறார்கள். நீச்சல், பாய்மரப் படகு, டென்னிஸ், மண்பாண்டம் வனைதல் எல்லாம் உண்டு.

தண்ணீர் என்றதும் வயிற்றைக் கலக்குகிறதா? இத்தகைய முகாம்களில் முதல் காரியமே நீச்சல் பரீட்சைதான். பிறகு இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும். விசில் ஊதினால் ஜோடி கைகோத்து உயர்த்த வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் மறுபடி ஆட்டம். மருந்து மாத்திரை நர்ஸிடம் இருக்கும், பிள்ளையின் பையில் அல்ல.

மிஞ்சுவது வீட்டு ஏக்கம். அதைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2007-ல் நல்ல யோசனைகள் எழுதினார்கள். நம் பெண்ணை ஹாஸ்டலில் சேர்க்கும்போதும் அவை உதவும். போவதா வேண்டாமா என்ற முடிவில் அவளையும் சேர்த்துக் கொள்ளுங்கள். முன்கூட்டியே உறவினர் வீட்டில் இரண்டு மூன்று நாள் தனியே தங்கிப் பழகட்டும். “பிடிக்கலேன்னா சொல்லு, மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்! ‘உன்னால் முடியாது’ என்று அம்மாவே சொன்ன மாதிரி ஆகிவிடும். குழந்தை முதல் நாளே வாசலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்துவிடும். பெட்டி கட்டும்போது, விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய கவர்கள் நாலைந்து போட்டுவையுங்கள்.