காய்க்காத கொன்றை

அன்புள்ள மருமகளுக்கு, தென்காசியிலிருந்து மாமா எழுதுவது.

உங்கள் ஹோனலுலு தெரு மரத்தைப் படம் எடுத்து அனுப்பி, “இது நம்ம கொன்றைதானா மாமா? இங்கே எல்லாரும் எங்க ஊர் மரம்ங்கிறாங்க, பிள்ளையும் அப்படியே சொல்லுதா” என்று கேட்டிருந்தாய். நீ மரத்தை மட்டுமா கேட்டாய்?

பாதி நம்முடையதுதான். மஞ்சள் நம் சரக்கொன்றை கொடுத்தது. ரோஸ் நிறம் சாவகத்துக் கொன்றை கொடுத்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாயில் இரண்டும் கலந்து பிறந்ததே ‘ரெயின்போ ஷவர்’. அதில் ‘வில்ஹெல்மினா டென்னி’ என்ற ரகத்தை 1965இல் ஹோனலுலு தன் நகர மரமாக்கிக்கொண்டது. பிள்ளை சொன்னதில் தப்பில்லை. ஜப்பான்காரர்கள் உயிரை விடும் சோமெய் யோஷினோ செர்ரியும் கலப்பு மரம்தான்.

ஆனால் உன் படத்தில் ஒரு காய்கூட இல்லையே, கவனித்தாயா? கலப்பு மரம் அபூர்வமாகத்தான் காய்க்கும். குப்பை விழாது என்று தெருவில் வைக்கிறவர்களுக்கு அது சௌகரியம். எனக்கு அதுதான் குறை. கொன்றை என்றாலே எனக்குக் காய்தான். முழ நீளத்தில் கறுத்துத் தொங்கும். காய்ந்ததைப் பொறுக்கி ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். குற்றாலம் போகிற வழியெல்லாம் ஆட்டிக்கொண்டே நடப்போம். உடைத்தால் வட்ட வட்டமாக அறைகள், அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் புளி மாதிரி கறுப்புப் பிசுக்கு. வயிறு போகாத பிள்ளைகளுக்கு ஆச்சி அதைத்தான் கரைத்துக் கொடுப்பாள். மலையில் கரடிக்கு அது தீனி. ஓடு கெட்டியான அந்த விதை கரடி வயிற்றைக் கடந்து எங்கோ போய் முளைக்கும். யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

உங்கள் மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒட்டுக் கட்டியோ பதியம் போட்டோ ஒவ்வொன்றையும் ஒருவர் உண்டாக்க வேண்டும்.

பிள்ளை அந்த ஊர்க்காரியாக வளர்வதில் எனக்கு வருத்தமில்லை. குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து வைத்த ஜாதிக்காயும் கிராம்பும் கடல் தாண்டி வந்தவைதானே; இன்று யார் அவற்றை அசலூர் மரம் என்கிறார்கள்? ஆனால் தமிழ் அங்கே தானாக முளைக்காது. நீதான் கை வைக்க வேண்டும். நீயோ அவளிடம் போனில்கூட இங்கிலீஷில் பேசுகிறாய்.

கொன்றை வேந்தனை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். நம் மலையடிவாரத்தில் கொன்றை பூத்து அவள் பார்த்ததில்லை. நீங்கள் வருவதெல்லாம் ஆனி ஆடிச் சாரலுக்கு. அதற்குள் பூ ஓய்ந்து பச்சைக்காய் பிடித்துவிடும். சித்திரை பிறக்கும்போது பார்க்க வேண்டும், இலையே தெரியாது. செங்கோட்டை தாண்டினால் மலையாளத்தார் வீட்டு விஷுக் கணியில் அந்தப் பூதான். குற்றாலநாதர் கோயிலிலும் அப்போது விசுத் திருவிழா.

அவள் பள்ளிக்கூடத்தில் இப்போதே லீவு சொல்லி வை. வருகிற சித்திரை விசுவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்.

அன்புடன்,
மாமா